கழையின் நடுக்கம்: தூண்டில் கம்பின் மூன்று குணங்கள்

தூண்டில் என்ற சொல்லை இன்று நாம் பெரும்பாலும் உவமையாகவே கையாள்கிறோம். ஒருவர் மற்றவரின் மனத்தை அறிய முயன்றால் 'தூண்டில் போட்டுப் பார்க்கிறார்' என்கிறோம். அகப்பட்டுக்கொண்டவரை 'முள்ளை விழுங்கிவிட்டார்' என்கிறோம். உவமை பெருகப் பெருகக் கருவி நம் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று. கோல், நாண், மிதப்பு, ஈயம், முள், இரை என்று ஆறு உறுப்புகள் கொண்ட அந்தக் கருவியில், இலக்கியம் படிப்போர் அதிகம் கவனியாத உறுப்பு கோல்தான். முள்ளுக்கு வள்ளுவர் இருக்கிறார். சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டு 931-ஆம் குறளில் சொல்லிவிட்டார். மிதப்புக்குப் பழமொழி இருக்கிறது. 'தூண்டில்காரனுக்கு மிதப்பு மேலே கண்' என்பது ஊரறிந்தது. கோலுக்கு அப்படி ஒன்று உடனே நினைவுக்கு வருவதில்லை.

ஆனால் கருவியைக் கையில் பிடிக்கிறவனுக்குக் கோல்தான் முதல் கேள்வி. அவன் அதனிடம் மூன்று குணங்களை எதிர்பார்க்கிறான். பெரிய மீன் இழுத்தாலும் முறியக்கூடாது, இது உறுதி. காலை முதல் உச்சிவேளை வரை பிடித்திருந்தாலும் மணிக்கட்டு வலிக்கக்கூடாது, இது எடை. நீருக்கடியில் மீன் இரையை முகர்ந்தாலும் அது கைக்குத் தெரியவேண்டும், இது உணர்வு. மூன்றையும் முழுமையாகத் தரும் பொருள் எதுவும் உலகில் இல்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் விலை கொடுக்கவேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கைச் சங்கப் புலவர்கள் பார்த்திருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கில நூலொன்று பார்த்திருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கிக் கொல்லர்களும் விமானப் பொறியாளர்களும் பார்த்திருக்கிறார்கள். பரமக்குடியைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருப்பவர்களும் தினமும் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கின் வரலாற்றையே இங்கே தொடர்ந்து செல்லப்போகிறோம்.

நடுங்கும் கோல், நடுங்கும் நிழல்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளால் ஆனது. பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சி செல்லும் வழியைச் சொல்லும் பாட்டு அது. வழியில் வரும் நிலங்களும் மக்களும் அவரவர் தொழிலோடு காட்டப்படுகிறார்கள். அந்த வரிசையில், ஆழமான கயம் ஒன்றின் கரையில் தூண்டிலிடும் பாண்மகன் ஒருவனும் வருகிறான்.

புலவர் அவனுடைய கருவியை உறுப்பு உறுப்பாகச் சொல்கிறார். பச்சை இறைச்சியை இட்ட தோற்பை தோளில் தொங்குகிறது, அது இரைப்பை. கோல் நீண்ட மூங்கில். அதற்கு அவர் இடும் சொல் கழை. கழையின் நுனியில் நாண் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. நாணின் முடிவில் வளைந்த வாயையுடைய இரும்பு. இனி நிகழ்ச்சி. பிளந்த வாயையுடைய வாளை ஒன்று, முள்ளைப் பொதிந்திருந்த இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. முள் வெறுமையாகத் தனித்துத் தொங்குகிறது. தப்பிய வாளைக்கோ அச்சம் தீரவில்லை. நீர்க்கரையில் வளர்ந்த பிரம்பின் நிழல் நீரில் ஆடும்போதெல்லாம், அதுவும் தூண்டில்தான் என்று வெருவுகிறது.

இதில் நாம் நின்று கவனிக்கவேண்டிய நயம் ஒன்று உண்டு. கழைத் தூண்டிலுக்கும் பிரம்பின் நிழலுக்கும் புலவர் நடுக்கம் என்ற ஒரே வினையைத் தருகிறார். கோல் நடுங்குவதால்தான் மீன் தொட்ட செய்தி மனிதனுக்குக் கிடைக்கிறது. அதே நடுக்கம்தான் மனிதன் இருக்கும் செய்தியை மீனுக்கும் கொண்டுபோகிறது. உணர்வு என்ற குணம் ஒருவழிப் பாதை அன்று. நுண்மையாக நடுங்கும் கோல் நல்ல கோல் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதைப் பிடித்திருக்கும் கை அடங்கியிருக்கவேண்டும், அதன் நிழல் நீரில் விழக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் கூடவே வருகின்றன. கழை நீளமாக இருப்பதன் காரணமும் இதுதான்: இரைக்கு அருகே கோலின் நுனி போகலாம், ஆளின் நிழல் போகக்கூடாது.

ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டி ரோமப் பேரரசில் வாழ்ந்த ஏலியன் என்பவர், மாசிடோனிய ஆறு ஒன்றில் மீன் பிடிப்போரைப் பற்றி எழுதினார். அவர்களுடைய கோல் 6 அடி, கயிறும் 6 அடி. முள்ளில் செந்நிறக் கம்பளி நூலும் சேவலின் இறகும் கட்டி, பூச்சிபோல் காட்டி மீனை ஏமாற்றுவார்கள் என்கிறார் அவர். எகிப்தின் பெனி ஹசன் கல்லறை ஓவியங்களிலோ, கோல்கொண்டு மீன் பிடிக்கும் காட்சி நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கோல் தமிழர்க்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பு அன்று. ஆனால் முள்ளில் அகப்படாத மீனின் மனநிலையைக் கொண்டு கருவியின் இயல்பைச் சொல்லும் பார்வையை உருத்திரங்கண்ணனாரிடம்தான் காண்கிறோம்.

வாங்க வாராத வரால்

உணர்வுக்குப் பெரும்பாணாற்றுப்படை என்றால் உறுதிக்கு அகநானூற்றின் 36-ஆம் பாட்டு. பாடியவர் மதுரை நக்கீரர், திணை மருதம். உடலில் பல வரிகள் கொண்ட கரிய ஆண் வரால் ஒன்று இரையோடு முள்ளையும் விழுங்கிவிடுகிறது. பின் அது பாய்கிற பாய்ச்சலில் ஆம்பல் இலைகள் கிழிகின்றன. குவளை மலர்கள் சிதைகின்றன. வள்ளைக் கொடிகள் பின்னிக் கலங்குகின்றன. தூண்டிற்காரன் இழுக்கிறான், வரால் வரவில்லை. கயிற்றால் பிணிக்கப்பட்டுச் சினந்த எருதைப்போல விடியற்காலைக் குளத்தை உழக்குகிறது. இங்கே புலவர் தூண்டிற்காரனை வேட்டுவன் என்றே அழைக்கிறார்.

மீன் பிடிப்பவர்கள் இந்தப் பாட்டைப் படித்தால் முதலில் கேட்பது, 'கம்பு என்ன ஆயிற்று?' என்பதாகத்தான் இருக்கும். வரால், நம் பக்கத்துப் பேச்சில் விரால், கொடிகளுக்கிடையே வாழும் மீன். முள் ஏறியவுடன் அது திறந்த நீருக்கு ஓடாது; கொடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். அப்போது கோலின்மேல் மீனின் எடையோடு கொடிகளின் எடையும் சேர்ந்துவிடும். இந்த இடத்தில் விறைப்பான கோல் உதவாது. வளையாத கோல் மீனின் திடீர் வெட்டுகளை அப்படியே நாணுக்குக் கடத்தும். நாண் அறும், அல்லது மீனின் வாய் கிழியும், அல்லது கோலே முறியும். வில்போல வளைந்து, இழுப்பை வாங்கிக்கொண்டு, மீன் ஓயும் நேரத்தில் மெல்ல நிமிரும் கோலே தாக்குப்பிடிக்கிறது. ஆகவே உறுதி என்பது விறைப்பு அன்று. முறியாமல் வளையத் தெரிவதே உறுதி. எருதைக் கட்டிய கயிற்றின் உவமையும் இதற்குப் பொருந்துகிறது. எருதின் சினத்தை வெல்வது கயிற்றின் விறைப்பல்ல, பிடித்திருப்பவனின் விட்டுப்பிடிக்கும் பழக்கம்.

புறக்காழும் எடையும்

மூன்றாவது குணமான எடைக்குச் சான்று தேடும்போது நாம் சென்று நிற்கும் இடம் எதிர்பாராதது. தொல்காப்பிய மரபியல், தாவரங்களை வகுக்கும்போது, வெளிப்புறத்தில் வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. காழ் என்பது வயிரம். பனை, தெங்கு, மூங்கில் ஆகியவை புறக்காழ் உடையவை; ஆகவே புல். இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைக்கிறது.

தூண்டில் கோலைப் பொறுத்தவரை இந்தப் பகுப்பில் ஒரு பொறியியல் உண்மை அடங்கியிருக்கிறது. கோல் வளையும்போது அதன் வெளிப்புறமே அதிகம் நீளவும் சுருங்கவும் செய்கிறது. நடுப்பகுதிக்கு வேலை மிகக் குறைவு. எனவே நடுவிலுள்ள பொருளை எடுத்து வெளிப்புறத்தில் வைத்தால், எடை கூடாமல் வலு கூடும். கணக்காகவே பார்க்கலாம். ஒரு திண்மையான கம்பியை எடுத்துக்கொள்வோம். அதே பொருளை, அதே எடையில், இருமடங்கு விட்டமுள்ள குழாயாக ஆக்கினால் அது வளைவை எதிர்க்கும் திறன் 7 மடங்காகிறது. மூங்கில் இந்தக் கணக்கைத் தானாகவே செய்து வைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடம், தோலை நெருங்க நெருங்க நார்கள் அடர்த்தியாகின்றன, குழாய் நசுங்காமல் இருக்க இடையிடையே கணுக்கள். போதாக்குறைக்கு அடியில் பருத்து நுனியில் மெலியும் வடிவம். அடியிலுள்ள எடை கைக்குள் அடங்கிவிடும். நுனியிலுள்ள ஒவ்வொரு பலமும் நெம்புகோல் விதிப்படி மணிக்கட்டில் பலமடங்காகத் தெரியும். நுனி மெலிந்தால் கையும் இளைப்பாறும், நடுக்கமும் தெளிவாகக் கேட்கும்.

மூங்கில் வளராத நாட்டார் இந்த வசதியைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருந்தது. 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று, ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவுப் பெண்மணி எழுதியதாக வழிவழியாகச் சொல்லப்படுவது, கோல் செய்யும் முறையை விரிவாக விளக்குகிறது. மரக்கோலைச் சூடேற்றி நேராக்கி, உலர்த்தி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவே துளைத்துக் குழாயாக்க வேண்டும். அகக்காழ் மரத்தைச் சுட்டுத் துளைத்துப் புறக்காழ் ஆக்கும் முயற்சி என்று இதை நம் மொழியில் சொல்லலாம்.

கல்கத்தா மூங்கில் போன கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த முயற்சிக்குத் தேவையில்லாமல் போயிற்று. இந்தியாவிலிருந்து மூங்கில் கப்பலேறியது. ஏறிய துறைமுகத்தின் பெயரால் அதைக் 'கல்கத்தா மூங்கில்' என்றே மேல்நாட்டுக் கோல் செய்வோர் அழைத்தனர். தாவரவியலார் டெண்ட்ரோகலாமஸ் ஸ்டிரிக்டஸ் என்னும் கல்மூங்கிலோடு அதை இனங்காண்கின்றனர். குதிரைப்படையின் ஈட்டிக் காம்புகளுக்கும் உதவிய மூங்கில் இதுதான். வந்திறங்கிய கழிகள் பலவற்றில் சூட்டுத் தழும்புகள் இருந்தன. அந்தத் தழும்புகளைத் தவிர்த்து நல்ல பகுதியைப் பிளந்தெடுப்பது அங்கே தனிக்கலையாயிற்று.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊரில் சாமுவேல் பிலிப் என்னும் துப்பாக்கிக் கொல்லர், 1840-களின் நடுவில், மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து, தோல்பக்கம் வெளியே வரும்படி ஒட்டிக் கோல் செய்தார். அவர் வயலின் செய்பவரும்கூட. துப்பாக்கிக் குழலின் உறுதியையும் வயலினின் அதிர்வையும் ஒரே கை அறிந்திருந்தது என்பது, நம் மூன்று குணங்களின் கணக்கில் தற்செயல் என்று தள்ளக்கூடியதல்ல. 1870-களில் ஹிராம் லெனார்டு என்பவர், இவரும் துப்பாக்கித் தொழில் அறிந்தவரே, ஆறு சிம்புகளை இயந்திரத்தால் சரிவாகச் சீவி ஒட்டும் முறையைப் பரவலாக்கினார். உள்ளிருக்கும் மென்மையான பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, புறக்காழை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலை அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தைத் தென்சீனத்தின் டோங்கின் மூங்கில் பிடித்துக்கொண்டது. கணுக்களுக்கு இடையே நீளமும், நார்களின் அடர்த்தியும், நேர்மையும் அதற்கு இருந்தன. 1931-இல் மெக்ளூர் என்ற தாவரவியலார் அதற்கு இட்ட அறிவியல் பெயரில் 'அமாபிலிஸ்', அதாவது அன்புக்குரியது, என்ற சொல் இருக்கிறது. 1950-இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடைவிதித்தபோது அந்த வரத்தும் நின்றது.

அதற்குள் வேறொரு பொருள் ஆயத்தமாக இருந்தது. இரண்டாம் உலகப்போரை ஒட்டி வளர்ந்த கண்ணாடியிழை, 1940-களின் பிற்பகுதியில் தூண்டில் கோலாயிற்று. உறுதியில் அதற்கு இணையில்லை. மழையில் நனையலாம், வெயிலில் கிடக்கலாம், குழந்தை மிதிக்கலாம். ஆனால் அதன் பொருள் நீரைப்போல ஏறத்தாழ 2 மடங்கு அடர்த்தியானது. கை சோர்ந்தது, நடுக்கம் மங்கியது. அடுத்து வந்தது கரியிழை. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் விமானத்துக்கும் எஞ்சினுக்குமாக உருவான இழை, 1970-களில் தூண்டில் கோலுக்கு வந்தது. மிகவும் விறைப்பானதாகையால் மிக மெல்லிய சுவரே போதும். ஆகவே எடை குறைந்தது, உணர்வு கூர்மையாயிற்று. விலை கொடுத்தது உறுதி. பாறையில் ஒருமுறை மோதி ஒரு கீறல் விழுந்தாலும், அந்த இடத்தில் அடுத்த பெரிய மீனுக்கு முறிந்துவிடக்கூடியது அது. மின்சாரத்தையும் கடத்தும். மின்கம்பி செல்லும் கரையில் நீண்ட கரியிழைக் கோலைத் தூக்குவது உயிருக்கே ஆபத்து.

புறக்காழ் குழாய் என்ற ஒரே வடிவத்தைத்தான் கண்ணாடியிழையிலும் கரியிழையிலும் திரும்பச் செய்திருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. பொருள் மாறிற்று, கழையின் இலக்கணம் மாறவில்லை.

பரமக்குடிப் பக்கம்

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். பரமக்குடி வைகைக் கரையில் இருக்கிறது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த ஆறு மணல்தான். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபின், கீழ்க்கரை ஊர்களுக்கு நீர் என்பது திறந்துவிடும் நாளையும் பார்த்திபனூர் மதகணையையும் பொறுத்த விஷயம். இங்குள்ள மீன்வளம் ஆற்றைவிடக் கண்மாய்களையே சார்ந்தது. வைகையே நேராகக் கடலைச் சேராமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிறைவதும், மிகை நீர்தான் பாக் நீரிணைப் பக்கம் செல்வதும் இந்த மாவட்டத்தின் நில அமைப்பு.

கண்மாய் நீரில் இரண்டு காலங்கள் உண்டு. நீர் நிறைந்து கொடி படர்ந்திருக்கும் காலம் ஒன்று; வற்றி, சேறும் குட்டையுமாகச் சுருங்கும் காலம் மற்றொன்று. இந்த நீருக்கு ஏற்ற பழைய மீன்கள் விரால், குரவை, கெளுத்தி. விராலும் குரவையும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. சேற்றிலும் உயிர்பிழைத்துக் கிடக்கும். விராலுக்குத் தவளையை முள்ளில் குத்தி, நீரின் மேற்பரப்பில் தட்டித் தட்டி இழுப்பது வழக்கம். இதற்கு நீளமும் வலுவும் உள்ள மூங்கில் கம்பு வேண்டும். நாண் தடிப்பாக இருக்கவேண்டும். மீன் தானே பாய்ந்து விழுங்குவதால் உணர்வைப் பற்றிக் கவலையில்லை. நக்கீரர் காட்டிய வராலின் அதே குணத்துக்கு அதே விடை.

இந்தக் கணக்கில் ஒரு புதிய மீன் வந்து குழப்பம் செய்தது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா, இன்று நம் சந்தைகளில் ஜிலேபி என்று விற்பது, 1952-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. வந்திறங்கிய இடம் இதே மாவட்டத்தின் மண்டபம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை அங்கேதான் தலைமையிடம் கொண்டிருந்தது. கடலோர ஆய்வுக்கூடத்திலிருந்து புறப்பட்ட அந்த மீன், தமிழகத்தின் குளங்களையெல்லாம் நிறைத்தது. ஜிலேபிக்குச் சிறிய வாய். அது விழுங்குவதில்லை, கொறிக்கிறது. விரால் கம்பைக்கொண்டு அதைப் பிடிக்கப்போனால், பெரும்பாணாற்றுப்படையில் நேர்ந்ததே நேரும்: இரை போகும், முள் தனித்துத் தொங்கும். ஆகவே சிறு முள், மெல்லிய தங்கூசி நரம்பு, நெட்டியிலோ மயிலிறகுக் காம்பிலோ செய்த மிதப்பு, நுனி மெலிந்த இலேசான கம்பு என்று வேறொரு கருவி தேவைப்பட்டது. ஒரே கண்மாய்க் கரையில் உறுதியைத் தேர்ந்தவரும் உணர்வைத் தேர்ந்தவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒருவர் விராலுக்கு வந்தவர், மற்றவர் ஜிலேபிக்கு வந்தவர்.

மூங்கில் கம்பைத் தேர்வதிலும் ஒரு படிப்பு இருக்கிறது. முற்றிய கழியாக இருக்கவேண்டும். கணுக்கள் நெருங்கியிருந்தால் வலு, அகன்றிருந்தால் இலேசு. தட்டிப் பார்த்தால் நன்கு காய்ந்தது கணீரென்று ஒலிக்கும்; ஈரம் மிச்சமிருப்பது மந்தமாக ஒலிக்கும். மூங்கிலின் பெரும்பகை உளு. தண்டிலுள்ள மாவுச்சத்தைத் தின்னவே அது வருகிறது. வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்துபோகும். பிறகு நிழலில் காயவைத்து, தீயில் வாட்டிக் கோணல் நிமிர்த்தி, எண்ணெய் தடவினால் பல பருவங்களுக்கு வரும். முறிந்தாலும் அடுத்த கம்புக்குப் பெரிய செலவில்லை. உறுதி என்ற குணத்துக்குள், முறிந்தால் மாற்றமுடிகிற எளிமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் எண்ணம். கடையில் வாங்கிய கோலின் நுனி முறிந்தால் அந்தக் கோலே முடிந்தது.

யாருடைய கருவி

இதுவரை பொருளின் கணக்கைப் பார்த்தோம். கோலைத் தேர்வதில் இன்னொரு கணக்கும் உண்டு. அது கையில் என்ன இருக்கிறது என்பது.

சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் 'இந்தியாவில் தூண்டில் கோல்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். 1887-இல் குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஓய்வு நேர விளையாட்டாகக் கோலைப் பிடித்த ஆங்கில அதிகாரிகளுக்கு அவை கைந்நூல்கள். அதே காலத்தில் அதே குளங்களின் கரையில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரனுக்கு அது விளையாட்டன்று, குழம்பு. வலை வாங்கப் பணமும், வள்ளமும், குத்தகை எடுக்கும் வசதியும் இல்லாதவனுக்கு மிஞ்சும் கருவி தூண்டில். ஒரு மூங்கில், கொஞ்சம் நாண், ஒரு முள், மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் புழு. இதைவிடக் குறைந்த முதலில் ஒரு தொழிலைத் தொடங்க இயலாது.

கண்மாய்களில் மீன்பாசி குத்தகை என்ற ஏற்பாடு இருக்கிறது. குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விட்டு வளர்ப்பார், மீன் அவருடையது. நீர் வற்றியபின் ஊரையே அழைத்து மீன்பிடித் திருவிழா நடத்தும் வழக்கம் தென்மாவட்டங்களில் உண்டு. அன்று ஊத்தா, கச்சா, வலை என்று எல்லாம் இறங்கும். தூண்டிலுக்கு அன்று வேலையில்லை. நீர் நிறைந்த காலத்துக்கும் திருவிழாவுக்கும் இடைப்பட்ட மாதங்கள்தாம் தூண்டிற்காரனுடையவை. அந்த மாதங்களில் அவன் கரையில் உட்காரலாமா என்பது குத்தகைதாரரின் மனத்தைப் பொறுத்தது. விரட்டினால் எழுந்து போகவேண்டும். ஆகவே அவனுடைய கோல் தூக்கிக்கொண்டு நடக்க இலேசாகவும், இழந்தால் அழவேண்டாத விலையிலும் இருந்தாக வேண்டும். எடை என்ற குணத்துக்கு இப்படியும் ஒரு பொருள்.

பெரும்பாணாற்றுப்படையின் பாண்மகனை இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கவேண்டும். பாட்டு முழுவதும் யாழேந்திய பாணனை நோக்கிப் பேசுகிறது. அதே குடியைச் சேர்ந்த இன்னொருவன் கயத்தின் கரையில் கழையேந்தி இருக்கிறான். ஐங்குறுநூற்றில் பாண்மகள் வராலைக் கொட்டிக் கொடுத்து, அந்த வட்டி நிறையப் பழைய வெண்ணெல் பெற்றுச் செல்கிறாள். புரவலர் கிடைக்காத நாளில், அல்லது கிடைக்காத கிளைக்கு, யாழின் இடத்தைக் கழை எடுத்துக்கொண்டது என்று கொள்ள இடமிருக்கிறது. இரண்டுமே நாண் கட்டிய கருவிகள். இரண்டிலும் விரல் அறிய வேண்டியது ஓர் அதிர்வை.

கோலே இல்லாத கரை

பரமக்குடியிலிருந்து இராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. அதைத் தாண்டி மண்டபம், பாம்பன் என்று கடலுக்குப் போனால், தூண்டில் இருக்கிறது, கோல் இல்லை. வள்ளத்தில் அமர்ந்தவர் நரம்பைக் கையாலேயே இறக்குகிறார். ஈயக்குண்டு அடியைத் தொட்டதும் சற்றுத் தூக்கி, நரம்பை ஆட்காட்டி விரலின்மேல் போட்டுக்கொள்கிறார். மீன் தொட்டால் விரல் அறியும். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில், 111-ஆம் பாட்டில், கழிக்கரையில் மீன் பிடிக்கும் பாணனுக்கும் நாணும் இரையும் மட்டுமே சொல்லப்படுகின்றன. கழை அங்கே பேசப்படவில்லை.

காரணம் தெளிவு. கரையிலிருந்து இரையை நீருக்குள் நீட்டவும், ஆளின் நிழலை விலக்கவும் கோல் வேண்டும். வள்ளமே மீனின் தலைக்குமேல் போய் நிற்கும்போது அந்த இரு வேலையும் இல்லை. கோலை நீக்கினால் எடை பூச்சியமாகிறது. விரலுக்கும் நரம்புக்கும் நடுவே எதுவுமில்லாததால் உணர்வு முழுமையடைகிறது. மிச்சமிருப்பது உறுதி. கோல் வளைந்து வாங்கவேண்டிய இழுப்பையெல்லாம் இங்கே மனிதனின் கை வாங்குகிறது. பெரிய மீன் ஓடும்போது நரம்பு விரலை அறுக்கும். விலையைத் தோல் கொடுக்கிறது.

இந்தக் கடலில் தூண்டிலுக்கு ஒரு பின்வரலாறும் உண்டு. 1960-களுக்குப்பின் இழுவை மடி விசைப்படகுகள் பெருகிப் பாக் நீரிணையின் அடித்தளத்தையே வாரத் தொடங்கின. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2017-இல், பாக் நீரிணையின் 2000 இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்கான ஆயிரங்கால் தூண்டில் மற்றும் செவுள்வலைப் படகுகளாக மாற்ற 1600 கோடி ரூபாய் மதிப்பில் திட்டம் தொடங்கப்பட்டது. இலக்கின் பக்கத்தில்கூட அது செல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் வாரும் கருவியால் நேர்ந்த இடருக்கு, ஒவ்வொரு மீனாகப் பிடிக்கும் முள்ளை மருந்தாக அரசே தேட நேர்ந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. தூண்டில் பழைய கருவி என்பதால் பின்தங்கிய கருவி ஆகிவிடாது.

எதைத் தேர்வது

கோல் வாங்கப் போகிறவர், எது சிறந்த கோல் என்ற கேள்வியோடு கடைக்குப் போனால் விடை கிடைக்காது. விற்பவருக்கு எது இலாபமோ அதுதான் கிடைக்கும். எந்த நீர், எந்த மீன், அந்த மீனின் வாய் எப்படி என்று கேட்டுக்கொண்டு போகவேண்டும். கொடி படர்ந்த கண்மாயில் விராலுக்கு முற்றிய மூங்கில் போதும், அதற்குமேல் தேவையில்லை. சிறுவர் கையில் கொடுக்கவும், கல்லும் பாறையுமான கரைக்கும் கண்ணாடியிழை ஏற்றது. நாள் முழுதும் எறிந்து எறிந்து பிடிப்பவர்கள் கரியிழையைத் தேரலாம். வாங்குமுன் கீறல் இருக்கிறதா என்று நுனிவரை விரலோட்டிப் பார்த்து, மின்கம்பியில்லாத கரையாகப் பார்த்து அமரவேண்டும். கடைக்குள்ளேயே உணர்வைச் சோதிக்க எளிய வழி உண்டு: கோலின் அடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கூட வந்தவரை நுனியில் நகத்தால் மெல்லச் சுரண்டச் சொல்லவேண்டும். கண்ணை மூடியிருந்தும் சுரண்டல் உள்ளங்கையில் தெரிந்தால் கோல் நன்று.

மூன்று குணங்களில் ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்ற இரண்டைப் பெறமுடியும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைச் சொல்லவேண்டியது நீரும் மீனும்; எவ்வளவு செலவிடலாம் என்பதைச் சொல்லவேண்டியது நம் மடி. கயத்தின் கரையில் தோற்பையோடு நின்ற பாண்மகனுக்கும் கணக்கு இவ்வளவுதான். வாளை அவனிடமிருந்து இரையை எடுத்துக்கொண்டு போயிற்று. கழை அவன் கையில் மிஞ்சியது. மறுநாளும் அவன் வரலாம்.